.32 பாக்கெட் பிஸ்டல், குளிரில் ரேஞ்ச் டெஸ்ட்: முதல் மேகசினில் மட்டும் மாட்டுது, ஏன்?

கட்டபெட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். புதுசா வாங்கின .32 (குழலின் அளவு, அங்குலத்தில்) பாக்கெட் பிஸ்டலை ரேஞ்சில் சுட்டுப் பார்த்த விவரம் இது. கம்பெனி பெயரும் கடை பெயரும் எழுதப்போறதில்லை, தனியா வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு பீஸை வைத்து ஒரு மாடலையே நல்லது கெட்டது என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

முதலில் ஆள் எப்படி என்று சொல்லிடறேன். காலி எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. பேரல் (குழல்) ஃப்ரேமோடு (பிஸ்டலின் உடல்) அசையாமல் நிற்கும், ஸ்பிரிங் பேரலைச் சுற்றியே இருக்கும். பழைய வால்தர் பிபிகே-யைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குப் புரியும், அதே சாதி. முதல் குண்டுக்கு ட்ரிகர்தான் ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியல்) தூக்கி அடிக்கணும், அதனால் இழுவை நீளம், கனமும் அதிகம். அடுத்த குண்டிலிருந்து ஸ்லைடே (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பகுதி) ஹேமரை மடக்கி வைத்துவிடுவதால் லேசு. பிடிக்குள் செருகும் மேகசினில் 6 தோட்டா. பிடியில் இரண்டு விரல்தான் உட்காருது, சுண்டுவிரல் அந்தரத்தில். குறிபார்க்கும் சைட் என்று சொல்லிக்க முன்னால் ஒரு சின்ன மேடு, பின்னால் ஒரு கீறல், அவ்வளவுதான்.

ரேஞ்ச் குன்னூர்ப் பக்கம், சரிவை வெட்டி மண்மேடு போட்ட இடம். காலையில் போனால் புல்லில் உறைபனி வெள்ளையா கிடக்குது. மஞ்சு இறங்கி டார்கெட்டே தெரியாததால் ரேஞ்ச் ஆபீசர் யாரையும் லைனுக்கு விடலை. எட்டரைக்கு மேல்தான் ஆரம்பிச்சோம். அது வரைக்கும் பிஸ்டலும் தோட்டா டப்பாவும் சிமெண்ட் மேசை மேலே ஜில்லுன்னு கிடந்தது.

7 மீட்டரில் நல்லாவே அடிச்சுது, எல்லாம் 10 செ.மீ.க்குள். 10 மீட்டரில் 18 செ.மீ. வரை பரவிடுச்சு. 15 மீட்டரில் சில குண்டு ஏ4 தாளையே தொடலை. பரவினது எல்லாமே இடதுபக்கம் கீழே.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். முதல் மேகசினில் இரண்டு தடவை மாட்டிக்கிச்சு. சுட்ட கேஸ் (தோட்டாவின் காலிக் கூடு) முழுசா வெளியே போகாமல், திறப்பில் வாய் மேலே பார்த்தபடி நின்னு, ஸ்லைடு அதைக் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. தட்டிவிட்டுத் தொடர்ந்தேன். இரண்டாவது மேகசினிலிருந்து ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் போனப்போவும் அச்சு அசல் அதே கதை. தோட்டா எல்லாம் ஒரே டப்பா, முழு ஜாக்கெட் (உலோக உறை) போட்ட சாதாரண 71 கிரெய்ன் (குண்டின் எடை, 4.6 கிராம்).

ஏன் முதல் மேகசினில் மட்டும்?

அருவங்காட்டுச் சங்கு:

குளிருங்ணா, வேறென்ன. எங்க அருவங்காடு கார்டைட் (புகையில்லா வெடிமருந்து) ஃபேக்டரி நூறு வருஷத்துக்கு மேலே பழசு. எங்க வீட்டில் இரண்டு தலைமுறை அங்கே வெடிமருந்தோட புழங்கினவங்க. மருந்து குளிர்ந்தா எரியற வேகம் குறையும், அழுத்தம் குறையும், குண்டு மெதுவா போகும். உங்க பிஸ்டலில் பேரலையும் ஸ்லைடையும் பிணைக்கிற பூட்டு கிடையாது, கேஸ் பின்னுக்குத் தள்ளற தள்ளில்தான் ஸ்லைடே ஓடணும். தள்ளு குறைஞ்சா ஸ்லைடு பாதி வழியில் திரும்பிடும், கேஸ் வெளியே குதிக்க நேரம் இருக்காது. தவிர குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே. காத்து மெலிசு. அதுவும் சேர்ந்துதான் குண்டு சிதறுது.

பத்துமீட்டர்:

குளிரில் மருந்து மந்தமாகும் என்பது சரி. காத்து விஷயத்தைச் சேர்க்காதீங்க சங்கு அண்ணா. .32 ஏசிபி, அதாவது உங்க பிஸ்டல் தோட்டாவின் குண்டு, நொடிக்கு 275 மீட்டர் பக்கம் போகுது. 10 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம் 0.036 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பது ஆறரை மில்லிமீட்டர். இதில் காத்து மெலிசா தடிப்பா என்பதால் வரும் வித்தியாசத்தைத் தாளில் அளக்கவே முடியாது. 25 மீட்டருக்குக்கூட விழுவது 4 செ.மீ.தான். மேட்டுப்பாளையத்தில் நின்னு சுட்டாலும் ஊட்டியில் நின்னு சுட்டாலும் கைத்துப்பாக்கிக்கு ஒண்ணுதான்.

இடதுபக்கம் கீழே போறது வலதுகைக்காரர்கள் ட்ரிகரைப் பறிக்கிறதன் அடையாளம். நான் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ட்ரிகரை இழுக்கும் விசை குறைந்தபட்சம் 500 கிராம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிப் பிஸ்டலில் 1,000 கிராம். உங்க பிஸ்டலின் முதல் இழுவை நாலு கிலோவுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். பிஸ்டலே அரை கிலோ. தன் எடையைப் போல எட்டு மடங்கு விசையில் இழுத்தால் முனை ஆடாமல் என்ன செய்யும்? பாக்கெட்டில் சின்னதா அடங்கணும்னு எடையையும் நீளத்தையும் பிடியையும் வெட்டினதுக்கெல்லாம் சேர்த்து ரேஞ்சில்தான் கணக்குத் தீர்க்கணும்.

கேஸ் மாட்டறதுக்கும் எனக்கு உங்க கை மேலேதான் சந்தேகம். மணிக்கட்டு தளர்ந்தா ஃப்ரேமும் சேர்ந்து பின்னால் ஓடும், ஸ்லைடுக்கு வேண்டிய ஓட்டம் கிடைக்காது. காலைக் குளிரில் விரல் மரத்திருக்கும், பிடியில் சுண்டுவிரலும் இல்லை. இரண்டாவது மேகசினில் கை சூடாகியிருக்கும்.

தோட்டத்துக்கரடி:

இடையில் வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க தோட்டத்தில் கரடித் தொல்லை. விடியற்காலை தண்ணி திறந்துவிட நடக்கணும். இந்த மாதிரி பாக்கெட் பிஸ்டல் ஒண்ணு இருந்தா தைரியமா இருக்குமே?

கூடலூர் குரியன்:

தைரியம் வரும், அதுதான் ஆபத்து. .32 ஏசிபி-யின் முனை ஆற்றல் (குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது உள்ள ஆற்றல்) 170 ஜூல் அளவு. கரடியின் மண்டை எலும்பும் அந்த மயிரும் தோலும் நீங்க பார்த்திருப்பீங்க. சுட்டால் சாகாது, கோபம்தான் வரும். காட்டுமாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு டன் வரைக்கும் நிற்கும் உருப்படி. சட்டமும் இருக்கு. கரடி, காட்டுமாடு இரண்டும் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருது. உயிர் போகிற நேரத்தில் தற்காப்புக்காகச் செய்ததற்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்கிற வேலை உங்க தலையில்தான் விழும். பாதையோரத்து உண்ணிச்செடியை வெட்டி வெளிச்சமாக்குங்க, நல்ல டார்ச் வாங்குங்க, தனியா போகாதீங்க, பேசிக்கிட்டே நடங்க. கரடிக்கு உங்க சத்தம் முன்னாலேயே கேட்டால் அதுவே விலகிப் போயிடும், நாலு அடியில் திடீரென்று முகத்துக்கு முகம் நிற்கும்போதுதான் அடிக்கும்.

கட்டபெட்டுக்காரன்:

குரியன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் வாங்கினது சம்பளநாளில் பேங்கிலிருந்து பணம் எடுத்து வர்றப்போ கையில் இருக்கணும்னுதான். லைசென்ஸ் விண்ணப்பத்திலும் அந்தக் காரணம்தான் எழுதினேன்.

சங்கு, பத்துமீட்டர், உங்க இரண்டு பேர் கட்சியும் கேட்டாச்சு. மருந்துதான் காரணம் என்றால் ஒரு கேள்வி. இரண்டாவது, மூன்றாவது மேகசினுக்கும் அதே மேசையில் கிடந்த அதே ஜில்லுத் தோட்டாதானே போட்டேன்? அது மட்டும் எப்படி ஒழுங்கா ஓடுச்சு?

அருவங்காட்டுச் சங்கு:

அது… அதுவும் சரிதான். சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) சூடாகியிருக்கும், உள்ளே போன தோட்டாவும் சூடாகும்னு சொல்லலாம். ஆனா உள்ளே போன மறுநொடியே சுடறீங்க, அதுக்குள்ள என்ன சூடேறும். விடுங்க.

பழைய ஹவில்தார்:

தம்பி, வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர்ல பயிற்சி எடுத்து, சர்வீஸ் முடிச்சு, இப்ப அதே ஊர்ல பென்ஷன்ல இருக்கேன். படையில எங்களுக்கு 9 எம்எம் 1ஏ பிஸ்டல். ஈஷாப்பூர்ல செஞ்சது, பிரவுனிங் ஹைபவர் ஜாடை. உங்க பிஸ்டலுக்கு ரெண்டு மடங்கு கனம், பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கிட்டு ஓடும். அதோட இதை ஒப்பிட முடியாது. ஆனா குளிர்ல ஆயுதம் ஏன் மக்கர் பண்ணும்னு எனக்குத் தெரியும்.

ஒரே கேள்வி. கடையிலிருந்து வந்தப்ப உள்ளே பூசியிருந்த கிரீஸ் எங்கே?

கட்டபெட்டுக்காரன்:

கடையிலேயே கிளீன் பண்ணித்தான் கொடுக்கிறோம்னு சொன்னாங்க ஐயா. வீட்டில் பேரலுக்குள் பிரஷ் விட்டேன், வெளியே துடைச்சேன். உள்ளே பளபளன்னுதான் இருக்கு.

பழைய ஹவில்தார்:

பேரலுக்கு உள்ளே சரி, பேரலுக்கு வெளியே? நீங்களே எழுதியிருக்கீங்க, ஸ்பிரிங் பேரலைச் சுத்தி இருக்குன்னு. ஸ்டோர்ல துருப்பிடிக்காம இருக்கப் பூசுற கிரீஸ் அங்கேதான் போய் உட்காரும். கேஸை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலயும் இருக்கும். கோயமுத்தூர் வெயில்ல அது எண்ணெய் மாதிரி ஓடும், கடைக்காரனுக்கு ஒரு குறையும் தெரியாது. இங்கே உறைபனில ராத்திரி முழுக்கக் கிடந்தா மெழுகா இறுகிடும். ஸ்லைடு அதை இழுத்துக்கிட்டு ஓடணும். ஆறு குண்டு போனா பேரல் சூடாகும், சுத்தி இருக்கிற கிரீஸ் இளகும், அப்புறம் தங்கமா ஓடும். முதல் மேகசின் மட்டும் மாட்டுதுன்னா மருந்தோ தோட்டாவோ இல்ல, பேரல் சூடுதான் கணக்கு.

கைப்பிடியையும் ஒதுக்க மாட்டேன். பத்துமீட்டர் அம்மணி சொன்னது பாதி சரி. எது எவ்வளவுன்னு பார்க்க வழி இருக்கு. முதல் மேகசினை வேற ஒருத்தர், கை சூடா இருக்கிறவர், ரேஞ்ச் ஆபீசரையே சுடச் சொல்லுங்க. அப்பவும் மாட்டினா கை காரணமில்ல.

லடாக்ல எங்களுக்கு முதல் பாடமே எண்ணெயைத் துடைக்கிறதுதான். சமவெளில பழகினவன் நிறையப் பூசிக்கிட்டு வருவான், அவன் துப்பாக்கிதான் முதல்ல நிக்கும்.

வத்தலக்குண்டு-கோடை:

இதெல்லாம் தலைவலி. சுழலும் சிலிண்டரில் தோட்டா போடற ரிவால்வர் வாங்கியிருந்தா கேஸ் மாட்டற பேச்சே கிடையாது. கான்பூரின் நிர்பீக் ரிவால்வர் 2014-ல் வந்தப்பவே 500 கிராம்தான். விலை அப்பவே ஒரு லட்சத்து இருபதாயிரம் தாண்டிடுச்சு என்பது வேற விஷயம். 2023-ல் பிரபல் என்ற ரிவால்வர் வந்திருக்கு, 50 மீட்டர் வரை குறி எட்டும்னு சொல்றாங்க. எங்க கொடைக்கானலில் மழைக்காலம் பூராவும் ஈரம், ரிவால்வர்தான் நம்பிக்கை. தோட்டாவும் அதே .32 தானே, மாத்திப் போட்டுக்கலாம்.

பழைய ஹவில்தார்:

போடவே கூடாது தம்பி, போடவே கூடாது! இதை வாசிக்கிற எவனும் அப்படி நினைச்சிடக்கூடாது.

ரிவால்வருக்கு வர்றது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். நீளக் கேஸ், கீழே முழு விளிம்பு. பிஸ்டலுக்கு வர்றது .32 ஏசிபி. 1899-ல் பிரவுனிங் தன் சின்னப் பிஸ்டலுக்காகவே வடிவமைச்சது. குட்டைக் கேஸ், விளிம்பு பாதிதான் துருத்தும். சில ரிவால்வர் சிலிண்டர்ல ஏசிபி உள்ளே போய் உட்காரும், அதுதான் ஏமாத்தும். அழுத்தம் வேற, அளவு வேற. கடைல "பாயிண்ட் முப்பத்திரண்டு ஒரு டப்பா"ன்னு மட்டும் கேட்காதீங்க.

பத்துமீட்டர்:

ஐயா சொன்னதோட ஒண்ணு. .32 என்றாலே பொம்மைன்னு நினைக்கிறவங்களுக்கு: சர்வதேச 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் பெரும்பாலோர் கையில் இருப்பது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்தான், தட்டை மூக்குக் குண்டோடு. குறியில் குறை கிடையாது. இந்தப் பாக்கெட் பிஸ்டல் சிதறுவது தோட்டாவால் இல்லை.

ரிவால்வரில் தலைவலியே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. ட்ரிகர் ஒவ்வொரு குண்டுக்கும் கனம். பிஸ்டலில் முதல் குண்டு மட்டும்தான். ஆனால் ஸ்லைடு இழுக்கக் கையில் வலு வேணும். பூட்டில்லாத சின்னப் பிஸ்டலில் ஸ்பிரிங் முரடா இருந்தே ஆகணும், ஸ்லைடின் எடை போதாததை ஸ்பிரிங்தான் ஈடுகட்டுது. எங்க கிளப்பில் வாத நோய் இருக்கிற ஒரு மாமியால் பெரிய 9 எம்எம் மாடல் பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியுது, பாக்கெட் பிஸ்டலை இழுக்க முடியலை. வாங்கும் முன் கடையிலேயே இழுத்துப் பார்க்கணும். அதுவும் குளிர்ந்த கையோடு.

நெறியாளர்:

லைசென்ஸ் இல்லாமல் எங்கே கிடைக்கும் என்று கேட்ட பதிவை நீக்கிவிட்டேன். கேட்டவரின் கணக்கும் மூடப்பட்டது. எஸ்டேட்டில் ஆளில்லாத இடத்தில் சுட்டுப் பழகலாமா என்ற பதிவுக்குப் பதில்: கூடாது. பழக்கம் ரேஞ்சில் மட்டும். குடகில் குடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு இருக்கிறதே என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்கிறேன், அது அவர்களுக்கான தனி அறிவிக்கை, நம் மலைக்குப் பொருந்தாது.

கட்டபெட்டுக்காரன்:

போய்ட்டு வந்தாச்சு. நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதலில் எதையும் துடைக்காமல் அப்படியே கொண்டுபோனேன். ரேஞ்ச் ஆபீசரை முதல் மேகசின் சுடச் சொன்னேன். அவர் கை இரும்பு, தேயிலை கவாத்து வெட்டுற கை. ஆறில் ஒண்ணு மாட்டிச்சு. எனக்கு இரண்டு மாட்டும், அவருக்கு ஒண்ணு. ஆக கைக்கும் பங்கு இருக்கு, ஆனால் மூலம் கை இல்லை.

அப்புறம் அங்கே ஆயுதம் பார்க்கிற பெரியவர் வாங்கி, மேகசினைக் கழற்றி, சேம்பரை விரல் விட்டுத் தடவிப் பார்த்துட்டு, ட்ரிகர் கார்டைக் கீழே இழுத்து ஸ்லைடைத் தூக்கி எடுத்தார். ஸ்பிரிங்கை உருவினதும் பார்க்கணுமே! பேரலின் அடிப்பாகத்தில் பழுப்பு நிறத்தில் கிரீஸ், ஸ்பிரிங் சுருள் பதிஞ்ச வரி வரியா. நகத்தால் சுரண்டினா சீவல் சீவலா வந்தது. எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் அதே பசை, அதில் பித்தளைத் தூள் ஒட்டி மினுங்குது. கொக்கியை விரலால் தள்ளினா திரும்பி வர யோசிக்குது. மண்ணெண்ணெயில் பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துணியால் துடைச்சு, ஊசி முனையில் தொட்ட அளவுக்கு மெல்லிய எண்ணெய் வைத்தார். கொக்கி சட்டுனு மூடிச்சு.

திரும்ப ஆற விட்டு, அடுத்த நாள் காலையில் அதே உறைபனியில், அதே மேசையில், மிச்சமிருந்த அதே டப்பா. முதல் மேகசின் நானே சுட்டேன். ஆறும் போச்சு. இரண்டாவதும் போச்சு. மாட்டவே இல்லை.

கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "கிளீன் பண்ணோமே சார்" என்ற பதில்தான். பில்லில் கிளீனிங் சார்ஜ் வேற போட்டிருக்காங்க.

இடதுபக்கம் கீழே போறது மட்டும் மாறலை. முதல் குண்டு, அந்த நீள இழுவையில், ஒவ்வொரு தடவையும் மற்ற ஐந்திலிருந்து தனியா போய் விழுது.

அருவங்காட்டுச் சங்கு:

மருந்து மேல பழி போட்டதுக்கு ஃபேக்டரிக்காரங்க என்னை மன்னிப்பாங்களா தெரியல. ஹவில்தார் ஐயாவுக்கு ஒரு சலாம்.

பழைய ஹவில்தார்:

சலாம் கிடக்கட்டும். இன்னொண்ணு கேளுங்க. குளிர்ல கிடந்த பிஸ்டலை நேரா கணப்பு எரியற ரூமுக்குக் கொண்டுபோனா உள்ளே வெளியே எல்லாம் வேர்க்கும். வெளியே துடைப்பீங்க, ஸ்பிரிங் அடியில நிக்கிற தண்ணி தெரியாது. நாலு நாள்ல துரு. வராந்தாவில பூட்டுப் பெட்டிக்குள்ளயே கொஞ்ச நேரம் வச்சு, மெதுவா உள்ளே கொண்டுபோங்க. தோல் உறையில போட்டு பீரோவில வைக்காதீங்க. தோல் பதனிடற உப்பும் இந்த மலை ஈரமும் சேர்ந்தா புளூயிங் (இரும்பு மேல இருக்கிற நீலக்கருப்புப் பூச்சு) போயிடும். தோல் உறை வெளியே எடுத்துப் போக மட்டும்.

கூடலூர் குரியன்:

உறை என்றதும் ஞாபகம் வருது. பாக்கெட் பிஸ்டல் என்ற பேருக்காக வெறும் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு நடக்கக்கூடாது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் மூடித்தான் இருக்கணும். விதியை விடுங்க, ஸ்வெட்டர் பாக்கெட்டின் நூலும் தேயிலைத் தூசியும் எக்ஸ்ட்ராக்டரில் சேர்ந்தா மறுபடியும் அதே கதைதான். ட்ரிகரை முழுசா மூடற பாக்கெட் உறை ஒண்ணு வாங்கிக்கங்க. அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் வேண்டாம்.

மலைப்பாதை:

தேர்தல் அறிவிச்சதும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வாங்களே, அங்கே ஈரத்தில் மாசக்கணக்கா கிடந்தா என்ன பண்றது? போன தடவை என் இரட்டைக்குழல் துருவோட திரும்பி வந்தது.

பழைய ஹவில்தார்:

கொடுக்கும் முன்ன கனமா எண்ணெய் பூசி, எண்ணெய்க் காகிதம் சுத்திக் கொடுங்க. திருப்பி வாங்கினதும் முதல் வேலை அதைத் துடைக்கிறது. லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயும் டெபாசிட் பண்ணலாம், வாடகை கேட்பாங்க.

பத்துமீட்டர்:

முதல் குண்டுக்கு வர்றேன். வீட்டில் காலி பிஸ்டலோடு பழகுங்க. தோட்டா எல்லாம் வேற அறையில் பூட்டி, மேகசினையும் சேம்பரையும் இரண்டு தடவை பார்த்த பிறகு, கெட்டியான சுவரைப் பார்த்து. முன் சைட் மேலே கண்ணை வைத்து, அது அசையாதபடி அந்த நீள இழுவையை ஒரே சீராக இழுங்க, நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுக்காதீங்க. விரல் நுனியால் இழுத்தால் இடதுபக்கம் தள்ளும். இவ்வளவு கன ட்ரிகருக்கு முதல் மூட்டு மடிப்பு வரைக்கும் விரலைக் கொடுத்துப் பாருங்க. வெறும் சேம்பரில் அடிச்சுக்கிட்டே இருந்தால் ஃபயரிங் பின்னுக்கு (தோட்டாவைக் குத்தும் ஊசி) நல்லதில்லை, ஸ்நாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டுக்கங்க. 15 மீட்டரை மறந்திடுங்க. இந்தச் சைட்டுக்கு 7 மீட்டரே சரியான தூரம்.

கட்டபெட்டுக்காரன்:

நன்றிங்க. ஸ்நாப் கேப் கோவையில் கிடைக்குமா?

பத்துமீட்டர்:

கிடைக்கும். .32 என்று மட்டும் கேட்டால் ரிவால்வர் சைஸை எடுத்துக் கொடுத்துடுவாங்க. ஏசிபி என்று சொல்லி, டப்பாவைத் திறந்து பார்த்து வாங்குங்க.